முடியாத ஆட்டமும் மாசி மாதக் கூத்தும்

சென்ற மாசி மாதத்திலே நாம் இரண்டு ஆட்டங்களோடு உறவு கொண்டோம். ஹற்றன் நகரில் ஆசிரிய நண்பரொருவரின் வீட்டிலே, உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் கூடியிருந்து, மாலை வேளைகளில் ஒரு கணனி விளையாட்டை ஆடினோம். அதே நாட்களில், இரவு உணவின் பின்னர், அருகிலுள்ள தோட்டமொன்றின் காமன் பொட்டலுக்குச் சென்று காமன் கூத்தைக் கண்டோம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டுமென்று நாம் முன்கூட்டியே எண்ணியிருக்கவில்லை. கூத்திலே மதனாக ஆடிய இளைஞன் நம்மோடு கணனி முன்னும் அமர்ந்திருந்தமையால், பேச்சு தானாகவே அந்தத் திசைக்குச் சென்றது.

கணனி விளையாட்டைப் பற்றி இலக்கிய ஏடொன்றிலே எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் உளர். திரைப்படத்தைப் பற்றி எழுதியபோதும் இவர்கள் இப்படித்தான் கேட்டார்கள். இளைஞர்கள் தம் இரவுகளைச் செலவிடும் இடத்திலே கதையொன்று சொல்லப்படுகின்றதென்றால், அந்தக் கதை யாருடையது, யாருக்காகச் சொல்லப்படுகின்றது என்று கேட்பது விமரிசகனின் கடமையே.

நாம் ஆடியது ‘அன்ரெஸ்ட்’ என்னும் விளையாட்டு. அமைதியின்மை என்று பெயரைத் தமிழ்ப்படுத்தலாம். இந்தியாவைச் சேர்ந்த பைரோடாக்டில் என்னும் சிறு குழுவினர் இதனைச் செய்து 2014இல் வெளியிட்டனர். பெருநிறுவன மூலதனம் எதுவும் இல்லை. 2013இல் இணையவழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். கேட்டதைவிடப் பன்மடங்கு கிடைத்தது. எனினும் பெரும் நிறுவனங்கள் ஒரு விளையாட்டுக்காகக் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் அது கைச்செலவுக் காசுதான். இவ்வாறு தனித்து நின்று செய்வோரின் ஆக்கங்களையே சுயாதீன விளையாட்டுகள் என்கின்றனர்.

கதை நிகழும் இடம் பண்டைய இந்தியாவை ஒத்த ஒரு கற்பனை உலகு. பீம்ரா என்னும் நகரம். மழை பொய்த்துப் பஞ்சம் பரவியிருக்கின்றது. அரண்மனையிலே குழப்பம், அண்டையில் நாகர்களின் பேரரசு. நாகர் என்றால் இங்கே உண்மையாகவே பாம்புடலினர். வேடமேற்று ஆடும் இவ்வகை விளையாட்டுகளிலே வழக்கமாக ஆடுபவன் ஒரு மாவீரனாவான். வாளேந்தி அரக்கரைக் கொன்று பொன்னும் புகழும் ஈட்டுவான். அன்ரெஸ்ட் அந்த வழியிலே செல்லவில்லை. ஓர் அதிகாரத்தில் நாம் பெற்றோர் பேசி முடித்த திருமணத்தின் முன் நிற்கும் குடியானவப் பெண். இன்னோர் அதிகாரத்தில் சேரிவாழ் மக்களிடையே பணிபுரியும் பூசகர். பிறிதோரிடத்தில் நாகர் தூதர், இளவரசி, கூலிப்படைத் தலைவன். சண்டையைத் தவிர்த்துச் செல்லலாம். பெரும்பாலும் தவிர்ப்பதே அறிவுடைமை. நம் பாத்திரம் இறந்துபோனால் கதை நின்றுவிடுவதில்லை, அவரில்லாமல் தொடர்ந்து செல்கின்றது. மாவீரன் இறந்தால் உலகமே நின்றுவிடும் கதைகளைக் கேட்டுச் சலித்த நமக்கு இந்த ஓர் ஏற்பாடே மரியாதையை உண்டாக்கிற்று.

விளையாட்டு ஆங்கிலத்தில் உள்ளது. திரையில் வரும் உரையாடலை மாணவி ஒருத்தி உரக்கப் படித்துத் தமிழிலே சொல்ல, ஏனையோர் எந்த விடையைத் தெரிவது என்று வாதிட்டனர். குடியானவப் பெண்ணின் அதிகாரத்திலே ஏறத்தாழ ஒரு மாலை முழுவதும் கழிந்தது. திருமணத்தை ஏற்பதா, பெற்றோரிடம் வாதாடுவதா, ஊரைவிட்டே போய்விடுவதா? பையன்கள் எல்லோரும் போய்விடு என்றார்கள். படித்துச் சொன்ன மாணவி மட்டும் உடன்படவில்லை. “போனால் வீட்டில் யார் சமைப்பது? தம்பிமாரை யார் பள்ளிக்கூடம் அனுப்புவது? கொழும்புக்கு வேலைக்குப் போன அக்காமாரைப் பற்றி நீங்கள் ஒருவரும் பேசவில்லையே” என்று கேட்டாள். அந்த வினாவுக்கு விளையாட்டிலே விடை இல்லை. அவள் கேட்கும்படி செய்தது விளையாட்டுத்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

உரையாடலின்போது எதிரே நிற்பவரின் மனநிலையை மூன்று அளவுகோல்கள் காட்டிக்கொண்டிருக்கும்: நட்பு, மதிப்பு, அச்சம். நாம் சொல்லும் சொல்லுக்கேற்ப இவை ஏறும், இறங்கும். இது நல்ல கற்பனை. மனிதர் ஒருவரையொருவர் வெல்வது வாளால் மட்டுமன்று என்பதைச் செய்தவர்கள் உணர்ந்திருக்கின்றனர். ஆனால் மதனாக ஆடும் இளைஞன் இதனைக் கண்டதும் சிரித்துவிட்டான். “துரையோடு பேசும்போது அவருடைய அளவுகோல் ஒன்றும் அசையாது சேர். எங்களுடையதுதான் அசையும்” என்றான். பேச்சின் வல்லமையால் நிலைமையை மாற்றலாம் என்பது, பேசுவதற்கு இடமுள்ளவனின் அனுபவம். பெரட்டுக்களத்திலே காலையில் வரிசையாக நிற்பவனுக்கு எந்த மலைக்குப் போவது என்று சொல்லப்படுகின்றது. அவனிடம் விடைப்பட்டியல் எதுவும் நீட்டப்படுவதில்லை.

இனி, இவ்விளையாட்டின் பெருங்குறைக்கு வருவோம். இது முற்றுப்பெறாத ஆக்கம். விற்பனைக்கு வந்தபோது முடிந்தது என்றே வந்தது. ஆடிப் பார்த்த நாம் முடியவில்லை என்றே தீர்ப்பளிக்கின்றோம். ஒவ்வோர் அதிகாரமும் நமது தெரிவு விளைவை உண்டாக்கத் தொடங்கும் வேளையிலே அறுந்துவிடுகின்றது. பையிலே சேரும் பொருள்களுக்குப் பெரும்பாலும் பயனில்லை. பஞ்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். கதவைத் தட்டிப் பார்த்தால் பல வீடுகளில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, நாவல் ஒன்றின் முன்னுரையை வாசித்துவிட்டு எழுந்த உணர்வே எஞ்சுகின்றது.

பணமின்மையால் வந்த குறை இதிலே பெரும்பங்கு. அதனை நாம் ஏளனஞ்செய்யமாட்டோம். சிற்றேடு நடத்தியவர்களுக்கு இது தெரியும். மூன்றாம் இதழோடு நின்றுபோன ஏடுகளின் தொகுதி நம்மில் பலருடைய அலுமாரிகளிலே உண்டு. புனேயைச் சேர்ந்த குழுவொன்று செய்த ‘ராஜி’ என்னும் விளையாட்டும் இவ்வாறே. 2017இல் அவர்கள் பொதுமக்களிடம் கேட்ட நிதி இலக்கை எட்டவில்லை. இடர்ப்பட்டு 2020இல் வெளியிட்டனர். தம்பியைத் தேடிச் செல்லும் சர்க்கஸ்காரப் பெண்ணின் கதை, தேடல் உச்சம் பெறும் இடத்திலே திடீரென நின்றுவிடுகின்றது. வறுமை இப்படித்தான் கலைஞனின் வாக்கியத்தை நடுவிலே வெட்டுகின்றது.

இந்தக் குறையையே வாணிபமாக்கிக்கொண்ட ஒரு முறையும் உண்டு. செய்து முடியாத விளையாட்டை முன்னதாகவே விற்பது. ஸ்டீம் என்னும் இணைய விற்பனைக்களம் 2013 முதல் இதற்குத் தனிப் பிரிவே வைத்திருக்கின்றது. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் ‘போல்டர்ஸ் கேட் 3’ என்னும் புகழ்பெற்ற ஆக்கத்தின் முற்பகுதியை 2020 ஒக்டோபரிலே விற்கத் தொடங்கி, 2023 ஓகஸ்டிலேயே முழுவதையும் தந்தது. ஏழைக் குழுவொன்று வாசகரிடம் சந்தா கேட்பதைப்போல முன்பணம் கேட்டால் அது தோழமை. ஆனால் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் ஆடி, பிழைகளைக் கண்டுபிடித்து, எழுதி அனுப்புகின்றார்களே, அது உழைப்பு அல்லவா? காசு கொடுத்துவிட்டு வேலையும் செய்துகொடுக்கும் புதுமை இதிலே உள்ளது. இளைஞர்கள் இதனைப் பெருமையாகக் கருதுகின்றனர். நாம் அவர்களோடு இதுபற்றி நீண்ட நேரம் வாதிட்டும் வெல்லவில்லை.

அன்ரெஸ்டின் குறைகளுள் பணத்தால் வராத ஒன்றும் உண்டு. குடியானவப் பெண் என்று அழைக்கப்படும் பாத்திரம் ஒருநாளேனும் வயலில் இறங்கி வேலை செய்வதை நாம் செய்துபார்க்க முடியாது. பஞ்சம் அவளைச் சூழ நிற்கின்றது; அவள் கை அதனைத் தொடுவதில்லை. அவளுடைய வாழ்வு முழுவதும் உரையாடலாகிவிட்டது. உழைப்பாளியைக் கதாநாயகியாக்கிவிட்டு உழைப்பை மட்டும் வெளியே நிறுத்துவது புதிய நோயன்று. நம் முற்போக்குச் சிறுகதைகளிலேயே எத்தனை கொழுந்து பறிக்கும் பெண்கள் கொழுந்து பறிக்காமல் கண்ணீர் மட்டும் வடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதை வாசகர் அறிவர்.

இந்த எண்ணத்தோடுதான் நாம் காமன் பொட்டலுக்குச் சென்றோம். அங்கே கண்டது நம் எண்ணத்தைத் தலைகீழாக்கிற்று.

காமன் கூத்து மாசி மாத அமாவாசையை அடுத்துக் கம்பம் நடுவதோடு தொடங்குகின்றது. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் நடந்து வந்த மக்கள் தம்மோடு கொண்டுவந்தது. இளைஞர் இருவர் விரதமிருந்து ரதியும் மதனும் ஆவர். ரதி வேடமும் ஆணுக்கே உரியது. மாலையிலே வேலை முடிந்து வந்த பின்னர், தப்பு முழங்க, லயம் லயமாகச் சென்று ஆடுவார்கள். முழுநிலா இரவிலே பெருங்கூத்து, விடியும்வரை நடக்கும். ஓலை கொண்டுவரும் தூதன், இந்திரன், தக்கன், நந்தி, வீரபத்திரன், குறவன் குறத்தி என்று வேடங்கள் வரிசையாக இறங்கும். இறுதியிலே சிவனின் நெற்றிக்கண் நெருப்பில் காமன் எரிவான், கம்பம் தீயிடப்படும். மூன்றாம் நாள் அவனை எழுப்புவார்கள்.

புராணக் கதையை இருபத்தோராம் நூற்றாண்டுத் தொழிலாளி ஏன் ஆடவேண்டும் என்று கேட்போருண்டு. நாமும் ஒருகாலத்தில் கேட்டோம். அந்தக் கேள்வியோடு கதையை மறுபடி பாருங்கள். சிவன் தவத்தில் இருக்கின்றான். அந்தத் தவம் கலைந்தாக வேண்டுமென்பது தேவர்களின் தேவை. அவர்கள் தாமே செல்லத் துணியவில்லை. மதனுக்கு ஓலை அனுப்புகின்றார்கள். ரதி தீய கனாக் கண்டவள். போகாதே என்று தடுக்கின்றாள், வாதாடுகின்றாள். மதன் போகின்றான். ஏவல் வந்தால் போகாமல் இருக்க முடியாதே! வேலையைச் செய்கின்றான்; செய்ததற்காகவே எரிகின்றான். அனுப்பிய தேவர்களில் ஒருவர்கூட அவன் அருகே நிற்பதில்லை. எரிந்த பின்னர் அதிகாரத்தின் காலடியிலே விழுந்து கெஞ்சுபவள் மனைவிதான்.

இந்தக் கதையைத் தோட்டத்து மக்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் தாங்கி நின்றமைக்குப் பக்தி ஒன்றே காரணமென நம்மால் நம்ப முடியவில்லை. ரதியும் மதனும் வாதாடும் பகுதியிலே கூட்டம் அசையாது நின்றதைக் கண்டோம். கூத்திலே தொழிலாளி என்றொரு வேடமே கிடையாது. ஆயினும் ஏவலுக்கும் ஏவப்பட்டவனுக்கும் இடையிலுள்ள உறவு அந்த வாதத்திலே முழுமையாக இருந்தது. அன்ரெஸ்டிலே குடியானவப் பெண் என்ற பெயர் இருந்தது. அவளை நிலத்தோடும் வேலையோடும் கட்டியிருக்கும் உறவு இல்லை. பாத்திரத்துக்கு இடும் பெயரைக் கொண்டு ஓர் ஆக்கத்தின் சார்பை அளந்துவிடும் நம் விமரிசனப் பழக்கம் எவ்வளவு மெலிந்தது என்பதை அன்றிரவு உணர்ந்தோம்.

காமன் கதையும் முடியாத கதைதான். தஞ்சைப் பகுதியிலே லாவணி பாடுவோர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று இரவு முழுவதும் வாதிடுவர். எந்தக் கட்சி வென்றாலும் அடுத்த ஆண்டு வாதம் புதிதாகத் தொடங்கும். மலையகத்துக் கூத்திலும் எழுப்பப்பட்ட மதன் முழுமையாகத் திரும்புவதில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். பிறருக்கு அவன் உருவமற்றவன். கெஞ்சிப் பெற்றது பாதி வாழ்வு.

கூத்து முடிந்த காலையிலே தேநீர்க் கடையில் முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். ரதியின் புலம்பலைக் கேட்கும்போதெல்லாம் தமக்கு அழுகைக் கோச்சிதான் நினைவு வருமென்றார். ஹற்றன், தலவாக்கலை நிலையங்களிலிருந்து மக்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலையகம் இட்ட பெயர் அது. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1974இலேதான் அவர்களைச் சரிபாதியாகப் பங்கிட்டனர். மனிதர்களின் வாழ்வையே முடிக்காமல் வைத்த ஆவணம் அது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்! முதியவரின் தமையன் கோச்சியேறிப் போனவர். “அண்ணன் அங்கே உசிரோடதான் இருந்தார். எங்க கண்ணுக்குத்தான் தெரியல” என்றார். ரதிக்கு மட்டும் தெரியும் மதனை நாம் அப்போது நினைத்துக்கொண்டோம், அவரிடம் சொல்லவில்லை.

இவ்வாறு சொல்வதால் கூத்தைக் குறையற்றதென்று போற்றுவதாக வாசகர் கொள்ளலாகாது. தப்பு இல்லையேல் காமன் கூத்து இல்லை. அந்தத் தப்பை ஒரு பிரிவினர்மேல் சாதிக்கடமையாகச் சுமத்தி, அடித்தவர்களைத் தாழ்வாக நடத்திய வரலாறும் இதே பொட்டலிலேதான் நடந்தது. பெண்கள் இன்றும் பெரும்பாலும் பார்வையாளர்களே. தோட்டத்தின் வருவாயைத் தம் விரல்களால் ஈட்டுவோர் தம் புலம்பலை ஆண் ஒருவன் ஆடக் காண்கின்றனர். இன்னொன்று, நம்மைப் பெரிதும் உறுத்துவது: கூத்தின் தீர்வு மன்றாட்டு. சிவன் இரங்கினால் உயிர், இரங்காவிட்டால் சாம்பல். இதே மலைகளிலே மக்கள் மன்றாடாமல் நின்ற நாட்களும் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தம் செய்தோர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். ஏவலை மறுத்து எரிந்தவன் அவன். அவனுடைய கதைக்குக் காமன் பொட்டலிலே இன்னும் இடம் கிடைக்கவில்லை.

இங்கேதான் அந்தக் குறைபட்ட விளையாட்டின்மீது நமக்கு மறுபடியும் பரிவு பிறக்கின்றது. மதன் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கூத்திலே ஆடிப் பார்க்க முடியாது, கதை கட்டப்பட்டுவிட்டது. அன்ரெஸ்ட் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே கட்டப்பட்ட வடிவம். அவள் மறுத்தால்? தூதர் பொய் சொன்னால்? பூசகர் இறந்துவிட்டால்? விடைகளைத் தொடர்ந்து கொண்டுசெல்லும் வலு அதைச் செய்தோரிடம் இல்லாது போயிற்று; கேள்வியைக் கேட்கும் கருவியை அவர்கள் செய்து வைத்துவிட்டார்கள். இந்தக் கருவியை நம் ஆசிரியர்கள் அலட்சியப்படுத்துவது தவறு. மேடையும் ஒப்பனையும் பெருஞ்செலவும் இன்றி, ஒரு மடிக்கணனியைச் சுற்றி எட்டுப்பேர் அமர்ந்து நான்கு மாலைகள் வாதிட்டதை நாம் கண்ணாரக் கண்டோம். அந்த வாதங்கள் வகுப்பறையிலே நடப்பதில்லை.

கருவி ஆங்கிலத்திலே கிடக்கின்றது என்பது உண்மை. பீம்ராவின் பெயர்களும் உடைகளும் நமக்கு அந்நியமானவை என்பதும் உண்மை. இவை பெரிய தடைகளல்ல என்பதை மாணவர்களே காட்டினார்கள்.

நான்காம் நாள் விளையாட்டு அறுந்து நின்றபோது, படித்துச் சொல்லிவந்த மாணவி அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து இன்னோர் அதிகாரம் எழுதத் தொடங்கினாள். பாத்திரம்: கொழுந்து பறிக்கும் பெண். இடம்: மலையில் மாலை நேரம், கொழுந்து நிறுக்கும் இடம். குறித்த எடைக்கு இரண்டு கிலோ குறைகின்றது. எடை நிறையாவிட்டால் அரைப்பேர்தான். நாளின் கூலி பாதி. அளவுகோல்களை எழுதும்போது நட்பு என்பதை அவள் வெட்டிவிட்டாள். மதிப்பு, அச்சம் என்ற இரண்டையும் வைத்து, மூன்றாவதாகக் கிலோ என்று எழுதினாள். பின்னர் விடைகள்: கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சுவது, ஈரத்துக்கென்று கழித்த எடையைக் கேட்டு வாதாடுவது, பக்கத்தில் நிற்கும் பெண்ணின் மிகுதிக் கொழுந்தைக் கடனாக வாங்குவது, கூடையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் நிற்பது.

மதனாக ஆடிய இளைஞன் நான்காவது விடையே சரியென்றான். அவள் அதனை எழுதிவைத்தாள்; ஆனால் அதன் கீழே என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்றாள். எத்தனை பேர் கூடையை வைப்பார்கள், மறுநாள் யாருக்கு வேலை நிறுத்தப்படும், வீட்டிலே அரிசி எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் எழுதலாமாம். அவன் அப்படியெல்லாம் கணக்குப் பார்த்தால் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்றான். அவள் கணக்குப் பார்க்காமல் நின்றவர்களின் பிள்ளைகளைத் தனக்குத் தெரியும் என்றாள். இருவரும் நம்மைப் பார்த்தார்கள். நாம் முல்லோயாவைப் பற்றி அறிந்ததைச் சொன்னோம், அவள் குறித்துக்கொண்டாள். இரவு ஒன்பது மணிக்குத் தோட்டத்துக்குப் போகும் முச்சக்கரவண்டி வந்துவிட்டபடியால் கொப்பியை மூடினாள். நான்காவது விடையின் கீழே இப்போது முல்லோயா என்ற ஒரு சொல்லும், அதன் பின்னே ஒரு கேள்விக்குறியும் இருக்கின்றன.

பரீட்சை முடிந்த பின்னர் மீண்டும் கூடுவதாக இருக்கின்றோம்.